செல்ஃப் அடிக்கிறது, வண்டி எடுக்கவில்லை: அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

"அண்ணாச்சி, செல்ஃப் நல்லா அடிக்கு. வண்டி மட்டும் எடுக்க மாட்டேங்கு."

பாளையங்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் எனக்குக் காலையில் வரும் போன்களில் பல இப்படித்தான் தொடங்கும். நான் திருப்பிச் சொல்வதும் எப்போதும் ஒன்றுதான். "தம்பி, சாவியத் திருப்புறத மொதல்ல நிறுத்து. போன ஸ்பீக்கர்ல போட்டு பானட் பக்கத்துல வை. ஒரே ஒரு தடவை, அஞ்சு செகண்டு அடி. சத்தத்தக் கேக்கேன்."

அந்த ஐந்து செகண்டு சத்தம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிவிடும். இதை எழுதக் காரணமும் அதுதான். பம்பை மாற்றிப் பார்ப்போம், காயிலை மாற்றிப் பார்ப்போம், பேட்டரியையும் மாற்றிவிடுவோம் என்று ஒவ்வொன்றாகக் காசைக் கொட்டிவிட்டு, கடைசியில் கோளாறு வேறு இடத்தில் இருந்த வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். பழுது இல்லாத பாகத்துக்குக் காசு கொடுத்தவரின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது. பட்டறைக்குப் போவதற்கு முன்னால் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடிப்படை இவ்வளவுதான். பெட்ரோல் எஞ்சின் பற்றுவதற்குக் காற்றோடு கலந்த பெட்ரோல் வேண்டும், சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக்கில் கரண்ட் வேண்டும், சிலிண்டருக்குள் காற்று அமுங்க வேண்டும், அதாவது கம்ப்ரஷன். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றிவிடும், அதோடு அதன் வேலை முடிந்தது. எனவே செல்ஃப் நன்றாக அடிக்கிற வண்டியை நாலு பேர் சேர்ந்து தள்ளுவது வீண். தள்ளும்போதும் எஞ்சின் சுற்றத்தான் செய்யும். அதைத்தான் செல்ஃப் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறதே!

கை வைக்கும் முன் சில விஷயம். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டபடி இருக்கட்டும். ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிஷம் விடுங்கள். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கிற சாமான், விடாமல் அடித்தால் அதுவும் வெந்து, பேட்டரியும் இறங்கி, ஒரு கோளாறு மூன்றாகும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டருக்குள் போய்ச் சேரும், அது விலை கூடிய பாகம். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு உள்ளே பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் பண்ணச் சொல்லும் ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு தடவை பின்னடித்தால் தீ முகத்துக்குத்தான் வரும்.

முதலில் சத்தம்

நல்ல எஞ்சின் சுற்றும்போது ஒரு தாளம் இருக்கும். 'ரூ… ரூ… ரூ…' என்று சீராக ஏறி இறங்கும். ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அமுக்கும்போது செல்ஃப் கொஞ்சம் திணறுவதால் வரும் தாளம் அது. இந்தச் சத்தம் வந்தால் கம்ப்ரஷன் பெரும்பாலும் இருக்கிறது, கோளாறு பெட்ரோலிலோ கரண்டிலோ என்று கீழே உள்ளபடி தேடலாம்.

தாளம் இழுத்து இழுத்து, மீட்டர் போர்டு விளக்குகள் மங்கினால் அது பேட்டரி விவகாரம். எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறதே தவிர, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்கும், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலுக்கும் போதிய வோல்ட் போவதில்லை. மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். ஆனால் அதற்கு முன் டெர்மினலைப் பாருங்கள். உவரி, கூடங்குளம், இடிந்தகரை பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில் உப்புக் காற்றால் பேட்டரி முனையிலும், எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் வயரிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். கழற்றி, வெந்நீர் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினாலே பல வண்டி எடுத்துவிடும்.

தாளமே இல்லாமல், மிக்ஸியில் ஒன்றும் போடாமல் ஓட்டுவதுபோல் 'விர்ர்ர்' என்று வேகமாகச் சுற்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிஸ்டனையும் வால்வையும் ஒரே கணக்கில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இன்னொரு தடவை அடித்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வில் முட்டி வால்வு வளையும். பழைய சான்ட்ரோ, மாருதி 800, இண்டிகா போன்றவை பெல்ட் வண்டிகள். செயின் உள்ள வண்டிகளில் இது அரிது. இந்தச் சத்தம் வந்தால் வேறு எதையும் சோதிக்க வேண்டாம், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

சாவியை ஆன் செய்ததும் மீட்டர் போர்டைப் பாருங்கள்

செல்ஃப் அடிக்கும் முன் சாவியை ஆனில் மட்டும் வைத்து நிறுத்துங்கள். மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகவில்லை. அதன் ஃபியூஸையும், கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான மெயின் ரிலேயையும் பாருங்கள். பல பேர் இந்த விளக்கு எரிந்தால் பயப்படுகிறார்கள். ஆனில் வைத்திருக்கும்போது எரியாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்து, சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு வேகமாக மினுக்குகிறதா? அப்படியென்றால் சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் பூட்டிவிட்டது. சில வண்டி செல்ஃப் அடித்தும் பற்றாது, சில வண்டி பற்றி ஒன்றிரண்டு செகண்டில் அணைந்துவிடும். சாவிக் கொத்தில் இன்னொரு வண்டியின் சிப் சாவி தொங்கினால் கழற்றிவிட்டு முயலுங்கள். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து வந்து போடுங்கள். அதில் எடுத்துவிட்டால் கோளாறு சாவியில்தான். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட் பேட்டரி தீர்ந்திருந்தால், ரிமோட்டையே பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் எடுக்கும். ரிமோட்டை வைக்கும் இடம் சில வண்டிகளில் வேறாக இருக்கும், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும்.

பெட்ரோல் பம்ப் முனகுகிறதா

இதற்கு ஒரு ஆள் துணை வேண்டும். ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்து, ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் காதைக் கொடுக்கட்டும். இன்னொருவர் சாவியை ஆன் செய்யட்டும். பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று இரண்டு மூன்று செகண்டு ஒரு முனகல் வந்து அடங்க வேண்டும். டேங்குக்குள் இருக்கும் பம்ப் லைனில் பெட்ரோலை ஏற்றி வைக்கிற சத்தம் அது.

சத்தம் இல்லையா? உடனே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஃபியூஸ். அப்புறம் ரிலே. ரிலே மேல் விரலை வைத்துக்கொண்டு சாவியை ஆன் செய்யச் சொல்லுங்கள், 'டிக்' என்று விரலில் தட்டும். தட்டாவிட்டால் ஹாரன் ரிலே அதே எண், அதே கால் அமைப்பில் இருக்கிறதா என்று பார்த்து, அதை எடுத்து இங்கே மாற்றிப் போட்டுப் பாருங்கள். செலவில்லாத சோதனை. சில பழைய ஃபோர்டு, ஃபியட் வண்டிகளில் மோதினால் பெட்ரோலை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. பெரிய பள்ளத்தில் இறங்கினாலே அது சில சமயம் தட்டிக்கொள்ளும், மேலே உள்ள பட்டனை அமுக்கினால் திரும்ப வேலை செய்யும்.

ரிலே தட்டுகிறது, பம்புக்கு வரும் வயர் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப் எரிகிறது, சத்தம் மட்டும் இல்லையென்றால் அப்போது பம்ப்தான். நடுவழியில் நின்றுவிட்டால், ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியாலோ மரக்கட்டையாலோ மெல்லத் தட்டிப் பார்க்கலாம். தேய்ந்த கார்பன் அசைந்து கொடுத்து பம்ப் ஓடத் தொடங்கும். வீடு வந்து சேர அது போதும். அணைத்துவிட்டால் மறுபடி எடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

பம்ப் சீக்கிரம் போவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம், எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுவது. பம்பைச் சுற்றி நிற்கும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. நம் ஊர் மே மாத வெயிலில், கால் டேங்குக்கும் கீழே வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் ஓட்டினால் பம்ப் தாங்காது. குறைந்தது கால் டேங்க் வைத்திருங்கள். இன்னொன்று, பாபநாசம் மேலணைச் சாலை போன்ற சரிவில் வண்டியை நிறுத்தியிருந்தால், பெட்ரோல் கொஞ்சமே இருக்கும்போது அது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். முள் காட்டுவதை நம்பாமல் ஐந்து லிட்டர் ஊற்றிப் பாருங்கள். மிதவை மாட்டிக்கொண்டு முள் பொய் சொல்வதும் உண்டு.

பம்ப் முனகியும் லைனில் அழுத்தம் இல்லாமல் போகலாம். இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் சாதாரண எம்பிஎஃப்ஐ வண்டியில் 3 முதல் 4 பார் வரை இருக்க வேண்டும். கேஜ் போட்டுப் பார்ப்பது பட்டறை வேலை. அழுத்தம் நிற்கும் பெட்ரோல் பைப்பை வீட்டில் கழற்ற வேண்டாம்.

பிளக் சொல்லும் கதை

பம்ப் ஓடுகிறது, செல்ஃப் அடிக்கிறது, பற்றவில்லை. ஐந்தாறு தடவை அடித்துவிட்டீர்கள். இப்போது ஒரு பிளக்கைக் கழற்றி முனையை விரலால் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட் வரவில்லை, அல்லது பெட்ரோல் மிஞ்சிவிட்டது. காய்ந்து வாடையே இல்லாமல் இருந்தால் பெட்ரோல் வரவில்லை, அல்லது இன்ஜெக்டரைத் திறக்கச் சொல்லிக் கம்ப்யூட்டர் உத்தரவு கொடுக்கவில்லை. ஒரு பிளக்கைப் பார்த்தாலே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

பெட்ரோல் மிஞ்சுவது எப்படி என்று பலருக்குத் தெரியாது. காலையில் வண்டியைக் கழுவுவதற்காக போர்ட்டிகோவிலிருந்து பத்தடி வெளியே எடுத்து உடனே அணைத்துவிடுவார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் தாராளமாகப் பெட்ரோல் கொடுக்கும் நேரம் அது. அது எரிவதற்குள் அணைத்துவிட்டால் பிளக் நனைந்துபோகும். ஒரு மணி நேரம் கழித்து அடித்தால் எடுக்காது. இதற்கு மருந்து எளிது. ஆக்ஸிலேட்டரை முழுதாகத் தரையோடு மிதித்துக்கொண்டு 5 முதல் 8 செகண்டு செல்ஃப் அடியுங்கள். முழு மிதியைப் பார்த்தால் பெரும்பாலான எம்பிஎஃப்ஐ வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். இரண்டு மூன்று தடவையில் இருமிக்கொண்டு பற்றும். அப்புறம் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள்.

கரண்ட் பார்க்கும் முறையில் கவனம் வேண்டும். பழைய 800-இல் பிளக் வயரைக் கையில் பிடித்து பாடியில் தட்டிப் பார்த்ததை இப்போது உள்ள காயில் வண்டிகளில் செய்யாதீர்கள். 20,000 வோல்டுக்கு மேல் வரும் இடம். கையையும் அடிக்கும், காயிலையும் கெடுக்கும். ஸ்பார்க் டெஸ்டர் என்று சின்ன சாமான் கடையில் கிடைக்கும், அதைக் காயிலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மாட்டி, பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு அடித்துப் பாருங்கள். நீலமாகப் பட் பட்டென்று விழுந்தால் நல்ல கரண்ட். ஒரு சிலிண்டரில் மட்டும் இல்லையென்றால் அந்தக் காயில். ஆனால் அது மட்டும் என்றால் வண்டி மிஸ்ஸிங்கோடாவது எடுத்திருக்கும். எல்லா சிலிண்டரிலும் இல்லையென்றால் காயில்களை விட்டுவிடுங்கள். நாலு காயிலும் ஒரே ராத்திரியில் சாகாது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்.

சூட்டில் எடுக்காது, ஆறினால் எடுக்கும்

அந்தப் பொதுவான ஒன்று பெரும்பாலும், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்களை அதிகம் செலவழிக்க வைக்கிற கோளாறு இதுதான்.

போன கோடையில் ஒருவர் நாகர்கோவிலிலிருந்து குடும்பத்தோடு வந்தார். வள்ளியூரில் சாப்பிட நிறுத்தியிருக்கிறார். இருபது நிமிஷம் கழித்து வந்து அடித்தால் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் புளியமர நிழலில் நின்றிருக்கிறார்கள், அப்புறம் தானாக எடுத்திருக்கிறது. நாங்குநேரி தாண்டி மறுபடி ஒரு தடவை. இதற்கு முன்பே இதே கோளாறுக்காக வேறொரு பட்டறையில் பம்பும் காயிலும் புதிதாக மாட்டியிருந்தார்கள்.

என்னிடம் வந்தபோது வண்டி ஆறிவிட்டது, முதல் அடியிலேயே எடுத்தது. கோளாறு இல்லாத நேரத்தில் கோளாறைத் தேட முடியாது. எனவே முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, பானட்டை மூடியே அணைத்து, இருபது நிமிஷம் விட்டேன். ஓடும்போது இருப்பதைவிட அணைத்த பின்தான் பானட்டுக்குள் சூடு ஏறும், காற்றோட்டமும் இல்லை, விசிறியும் நின்றுவிடும். அப்புறம் அடித்தேன், எடுக்கவில்லை. செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் அசையவே இல்லை. கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் எஞ்சின் வேகம் பூஜ்யம். செல்ஃப் அடிக்கிறபோது 200 பக்கம் காட்ட வேண்டும். எஞ்சின் சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது, கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. சுற்றுகிறது என்று தெரியாவிட்டால் அது பெட்ரோலும் கொடுக்காது, கரண்டும் கொடுக்காது. சென்சார் மேல் ஈரத் துணியைச் சுற்றி, நாலு நிமிஷம் குளிரவிட்டு அடித்தேன். எடுத்துவிட்டது.

சென்சாரைக் கழற்றி மேஜையில் வைத்து அவருக்குக் காட்டினேன். இரண்டு வயர் உள்ள வகை அது. மல்டிமீட்டரில் எண்ணூற்றுச் சொச்சம் ஓம்ஸ் காட்டியது. தலை உலர்த்தும் மெஷினை அதன்மேல் பிடித்தேன். எண் மெல்ல ஏறி, சட்டென்று மீட்டர் ஒன்றுமே காட்டாமல் போனது. மெஷினை அணைத்தோம். ஆற ஆற எண் திரும்ப வந்தது. உள்ளே முடி போன்ற கம்பிச் சுருளில் ஒரு விரிசல், சூட்டில் விரிந்தால் பிரிகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. அவர் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். மாற்றிய பம்ப் விலையில் ஒரு சின்னப் பங்குதான் இந்தச் சென்சார். மூன்று வயர் உள்ள ஹால் வகைச் சென்சாரை இப்படி ஓம்ஸில் பார்க்க முடியாது, ஸ்கேனரில்தான் தெரியும்.

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் 16 கால் ஓபிடி சாக்கெட் இருக்கும். போனோடு சேர்த்துப் பார்க்கும் சின்ன ரீடர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் பக்கம், பி0340 என்றால் வால்வுகளை இயக்கும் தண்டைப் பார்க்கும் கேம் சென்சார் பக்கம். ஆனால் எண் வந்ததும் சென்சாரை வாங்கிவிடாதீர்கள். அந்த எண் சென்சார், வயர், வயர் கனெக்டர் மூன்றில் எது கெட்டாலும் வரும். வயர் எப்படிக் கெடும் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

கார்புரேட்டர் வண்டி இன்னமும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பாசடர், பழைய 800 வண்டிகளில் வெயிலில் எடுக்காததற்குக் காரணம் வேறு. பம்பிலும் லைனிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பழைய டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத் துணி போட்டுக் காத்திருப்பார்கள். அது சரியான வைத்தியம்.

ராத்திரி வரை ஓடியது, காலையில் இல்லை

முதல் நாள் ஒரு குறையும் இல்லை, காலையில் மொத்தமாக இல்லை என்றால் எனக்கு முதலில் எலி ஞாபகம்தான் வரும். அதிலும் பிசான நெல் பருவத்தின் அறுப்பு முடிந்த மாசி, பங்குனியில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல் பக்கத்து வண்டிகள் வரிசையாக வரும். வயலில் நெல் இருக்கிற வரை எலிக்கு அங்கே சாப்பாடு. அறுத்துவிட்டால் அது வீட்டுக்கு வரும், வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் நிற்கும் காருக்குள் ஏறும். எஞ்சின் சூடும் இருட்டும் அதற்குப் பிடித்துவிடும்.

பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டரி தட்டில் நெல் உமி, தேங்காய் நார், பானட் அடிப் பஞ்சின் துணுக்குகள், கறுப்பு எள் மாதிரி எலிப் புழுக்கை. வயர் கட்டின் மேலே உள்ள கறுப்புக் குழாய் கிழிந்து, உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று மின்னும். இன்ஜெக்டருக்குப் போகும் வயர், கிராங்க் சென்சார் வயர், டேங்க் மேல் உள்ள பம்ப் வயர் மூன்றுக்கும் கையைக் கொடுத்துத் தடவிப் பாருங்கள். கண்ணுக்கு மேல்பக்கம் நன்றாகத் தெரியும், கடி அடிப்பக்கம் இருக்கும். ஏர் ஃபில்டர் டப்பாவையும் திறங்கள். கூடு கட்டி அடைத்திருப்பதைப் பல தடவை எடுத்துப் போட்டிருக்கிறேன்.

வெட்டிய வயரை முறுக்கி டேப் சுற்றுவது இங்கே ஆகாது. சென்சார் வயரில் ஓடுவது மிகக் குறைந்த மின்சாரம், முறுக்கிய இடம் மழைக் காலத்தில் பூத்துவிட்டால் அதே கோளாறு திரும்ப வரும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் டியூப் போடச் சொல்லுங்கள். எந்த நிற வயர் எதோடு போகிறது என்று போனில் படம் எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இரண்டு வயர் மாறிவிட்டால் கம்ப்யூட்டருக்கே ஆபத்து.

தண்ணீர் ஏறிய வண்டி

இதில் ஒரே ஒரு விதி: செல்ஃப் அடிக்காதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பொங்கி திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீரில் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் வடிந்ததும் பல பேர் முதலில் செய்த காரியம் சாவியைப் போட்டுப் பார்த்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் 'டக்' என்று முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி எண்ணெயை மாற்றினால் பிழைத்திருக்கக்கூடிய எஞ்சின், ஒரு சாவித் திருப்பலில் தலைகீழாகப் பிரிக்கும் வேலைக்கு வந்துவிடும்.

தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கதவின் உள்பக்கச் சேற்றுக் கோட்டைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள், பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. இதில் ஒன்று இருந்தாலும் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு டோ வண்டிதான். இன்சூரன்ஸ் உள்ளவர்கள் வண்டியை நகர்த்துவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

குற்றாலச் சாரலில் இரவெல்லாம் நனைந்த வண்டி எடுக்காதது வேறு விஷயம். பிளக் வயரும், கரண்டைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பழைய வண்டியாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே ஈரத்தைத் துடைத்துக் காயவைத்தால் போதும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வீட்டில் நிறுத்திவிட்டுப் போகும் வண்டிகள், ஊர் திரும்பும் மாதத்தில் எடுக்க மாட்டேன் என்று நிற்கும். பேட்டரியை ஏற்றிவிட்டாலும் சில வண்டி எடுக்காது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தாலோ, வார்னிஷ் மாதிரி வாடை அடித்தாலோ டேங்கைக் காலி செய்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். சிஎன்ஜியிலேயே ஓட்டிப் பெட்ரோலை மறந்துவிட்ட வண்டிக்கும் இதே கதிதான், பலவும் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும்.

டீசல் என்றால்

டீசலில் பிளக் கரண்ட் கிடையாது. சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. ஃபில்டர் மாற்றிய மறுநாள் நின்றதென்றால் லைனில் காற்று அடைத்த ஏர் லாக், கைப் பம்பை இறுகும் வரை அமுக்குங்கள். ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில், ரெயில் என்னும் அந்தக் குழாயில் 200 பாருக்கு மேல் அழுத்தம் ஏறாமல் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது, அதை ஸ்கேனரில் பார்க்கலாம். சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கை நம் ஊர் வெப்பத்தில் நான் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன். பங்கில் தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் சாவியை ஆன்கூடச் செய்யாதீர்கள்.

பெட்ரோலும் உண்டு, கரண்டும் உண்டு

இரண்டும் இருந்தும் பற்றவில்லை, நடுநடுவே ஏர் ஃபில்டர் பக்கம் 'டப்' என்று பின்னடிக்கிறது என்றால் டைமிங் பெல்ட்டோ செயினோ பல் தாண்டியிருக்கலாம். கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் 10 பாருக்கு மேல் இருந்தால் நலம். எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரி குறைந்தால் டைமிங், பக்கத்துப் பக்கத்து இரண்டில் மட்டும் குறைந்தால் சிலிண்டர்களுக்கு மேல் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் எடுத்து, விட்டால் அணைகிற வண்டிக்கு இதெல்லாம் வேண்டாம், எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைக் கழுவினால் போதும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது இவற்றைச் சொல்லுங்கள்: சத்தம் தாளமாக வருகிறதா, எஞ்சின் விளக்கும் சாவி விளக்கும் என்ன காட்டுகின்றன, பம்ப் முனகுகிறதா, ஆர்.பி.எம். முள் அசைகிறதா, பெட்ரோல் வாடை இருக்கிறதா, நின்றபோது வண்டி சூடாக இருந்ததா, கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள். இவ்வளவும் போனிலேயே கிடைத்துவிட்டால் நான் எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும், அம்பாசமுத்திரத்தில் நிற்கிற வண்டிக்காக இரண்டு தடவை அலைய வேண்டியிருக்காது.